மண்டூரில் ஒரு ஹாட் டிஸ்க்

2021 நவம்பர் மாதம், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம், எங்கட பதினொரு கேம்களும் இல்லாமல் போயின. கொம்பியூட்டர் பழுதாகவில்லை. ஒருவரும் களவெடுக்கவுமில்லை. வழமைபோல கடவுச்சொல்லை அடித்தோம். உங்கள் போனுக்கு ஒரு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே அடியுங்கள் என்று வந்தது. அவர்கள் அனுப்பிய போன் ஒரு வளைகுடா நாட்டு சிம். அண்ணன் வேலை முடிந்து ஊருக்கு வந்து எட்டு மாதம். அந்த சிம் செத்தும் எட்டு மாதம்.

'நாங்கள்' என்றால் நாலு பேர். அண்ணன் தம்பி ரெண்டு பேர், பக்கத்து வளவுக்காரன் ஒருவன், ஏ.எல். படிக்க வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வந்து எங்களோடு ஒட்டிக்கொண்ட மண்டூர்க்காரன் ஒருவன். மூத்த அண்ணன் வெளிநாட்டில் நின்ற காலத்தில் அவருடைய கார்ட்டில், அவருடைய பெயரில் வாங்கின கேம்கள்தான் அந்தப் பதினொன்றும். பெருநாளுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, ஓ.எல். ரிசல்ட்டுக்கு ரெண்டு. கடைக்கு மின்னஞ்சல் போட்டோம். பழைய கார்ட்டின் கடைசி நாலு இலக்கம் கேட்டார்கள். கார்ட்டை வங்கியில் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் வந்தவர். மூன்றாவது பதிலோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. அவர்கள் செய்தது அவர்களுடைய விதிப்படி சரி. பிரச்சினையே அதுதான்.

அன்றைக்கு இரவு கோபத்தில் அலுமாரியைக் கிண்டினபோது பழைய சீடிப் பை ஒன்று அகப்பட்டது. பேனையால் பெயர் எழுதின சீடிகள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொமினிகேஷன் கடையில் பெயர் சொன்னால் எழுதித் தருவார்களே, அதுதான். வைஸ் சிட்டி சீடியைப் போட்டோம். ஓடியது. அந்தக் கொப்பியில் காருக்குள் ரேடியோவே பாடாது, சீடிக்குள் அடங்க வேண்டும் என்று பாட்டையெல்லாம் வெட்டியிருந்தார்கள். வைஸ் சிட்டியில் பாட்டு இருக்கிறது என்பதே எங்களுக்குப் பல வருசம் தெரியாது. ஆனால் ஓடியது. காசு குடுத்து நேர்மையாக வாங்கினது போய்விட்டது, நூறு ரூபா களவுச் சீடி நிற்கிறது. சின்னவன் கேட்டான்: "அப்ப களவெடுக்கிறவனுக்குத்தானா கா சாமான் சொந்தம்?"

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குப் பின்னால் நாங்கள் மூன்று வருசம் திரிந்த கதைதான்.

முதலில் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிஆர்எம் என்பது வாங்கின சாமானுக்கு விற்றவன் போட்டு, திறப்பையும் தானே வைத்துக்கொள்ளும் பூட்டு. கேமைத் திறக்கும்போது அது தூரத்தில் இருக்கும் ஒரு சேர்வரிடம் "இவன் விளையாடலாமா" என்று கேட்கும். ஓம் என்றால் திறக்கும். சேர்வர் இல்லையென்றால், கணக்கு இல்லையென்றால், கொம்பனிக்கு மனமில்லையென்றால் திறக்காது. யுபிசொஃப்ட் கொம்பனியின் 'த க்ரூ' என்ற கார் ஓட்ட கேம் 2014இல் வந்தது. 2024 மார்ச் 31ஆம் தேதி அதன் சேர்வரை நிறுத்தினார்கள். தனியே விளையாடினாலும் சேர்வர் வேண்டும் என்ற கட்டமைப்பு அது, ஆகவே வாங்கின எல்லோருக்கும் ஒரே நாளில் கேம் செத்தது. அதற்குப் பிறகுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கி, 2025 ஜூலையில் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் ஒரு சட்டமே வந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல், அனுமதியை மட்டும் விற்கிற ஒன்லைன் கடை "வாங்குங்கள்" என்று எழுதினால், நீ வாங்குவது பொருளை அல்ல, பாவிக்கும் அனுமதியை மட்டும்தான் என்று பக்கத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரன் திருப்பிப் பிடுங்க முடியாதபடி, இன்டர்நெட் இல்லாமலே பாவிக்கக்கூடிய கோப்பாகக் கையில் குடுத்தால் அந்தச் சட்டம் அவனைக் கேட்காது. இந்த விதிவிலக்கை வாசித்தபோதுதான் எங்களுக்கு வெளித்தது. அப்படி விற்கிற கடையும் இருக்கிறது.

அந்தக் கடையின் பெயர் ஜிஓஜி. சேர்த்து வாசித்தால் 'கொக்'. எங்கட வாயில் அது முதல் நாளே கொக்கு ஆகிவிட்டது. இனி அப்படித்தான் எழுதுவோம், வாவிக் கரையில் இருக்கிறவர்கள் மன்னிப்பார்கள்.

கொக்கின் கதை எங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் அது எங்கட சீடிக் கடையிலிருந்து தூரமில்லாத கதை. 1990களின் போலந்து. சந்தையில் எல்லாம் களவுக் கொப்பி, ஒரிஜினல் வாங்குகிறவன் முட்டாள் என்ற நிலை. அந்தச் சந்தையில் 1994இல் தொடங்கினதுதான் சிடி புரொஜெக்ட். களவுக் கொப்பியைப் பொலிசால் வெல்ல முடியாது, அதைவிட நல்ல சாமானைக் குடுத்துத்தான் வெல்லலாம் என்று யோசித்தார்கள். 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்ற கேமைப் போலந்து மொழியில் குரல் குடுத்து, பெட்டிக்குள் வரைபடமும் புத்தகமும் வைத்து விற்றார்கள். சனம் வாங்கியது. 2008இல் அதே ஆட்கள் பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கும் கொக்கைத் தொடங்கினார்கள். பிறகு அவர்களே எடுத்த 'விட்சர் 3' 2015இல் வந்தபோது அதையும் கொக்கில் பூட்டில்லாமல்தான் விட்டார்கள். களவெடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டே. அதற்குப் பிறகும் அது கோடிக்கணக்கில் விற்றது. வாங்குகிறவனைக் கள்வனாக நினைக்காத கடையில் களவெடுக்க எங்களுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

2022 ஜனவரியில் தொடங்கினோம். எங்களிடம் இருந்த சேர்வர் திரை உடைந்த ஒரு மடிக்கணினி. நாலு ஜிபி றாம். ஐந்து நிமிசம் கூட நிற்காத பற்றரி. திரையைக் கழற்றிவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டோம். ரெண்டு டெராபைட் ஹாட் டிஸ்க் வாங்க மூன்று மாதம் நாலு பேரும் காசு சேர்த்தோம். அதற்குள் கோப்புகளை வைத்து வீட்டு வைஃபையில் பகிர்ந்தால் முடிந்தது, உண்மையில் இவ்வளவுதான் வேலை. யாரும் பயப்படத் தேவையில்லை. ஒரு கோப்புறையைப் பகிரத் தெரிந்தால் நூலகம் தயார். பிறகு ஆசைப்பட்டு கேம்வோல்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். அது கோப்பின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் வருசத்தையும் வாசித்து, அட்டைப் படத்தோடு கடை மாதிரி அடுக்கித் தரும். அதைச் சரிப்பண்ண நாங்கள் தொலைத்த இரவுகளில் ரெண்டு கேம் விளையாடி முடித்திருக்கலாம். ஆனால் தம்பி முதல் தடவை திறந்து பார்த்துவிட்டு "நம்மட கடை" என்றான். அந்தச் சொல்லுக்காகத் தொலைக்கலாம்.

டவுன்லோட்தான் உண்மையான தவம். விட்சர் 3 மட்டும் 50 ஜிபி அளவில், நாலு நாலு ஜிபித் துண்டுகளாக வரும். நைட் டேட்டா தொடங்கும் நேரம் எழும்பி லினக்ஸில் ஒரு கட்டளையைப் போட்டுவிட்டுப் படுப்போம். மழை நாளென்றால் சிக்னல் விழும். ஒரு துண்டு வர ஒரு கிழமை எடுத்ததும் உண்டு. அண்ணனின் நண்பர் லண்டனிலிருந்து ஒரு யுஎஸ்பியில் கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். ஆயிரம் கேமுக்கு மேல் எங்களிடம் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்கும் காரணம் அவர்தான். 2020 ஜூனில் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் நடந்தபோது இட்ச் என்ற தளம், 1,700க்கும் மேற்பட்ட ஆக்கங்களை ஆகக் குறைந்தது 5 டொலருக்குக் கட்டாகக் குடுத்தது. சேர்ந்த எண்பது லட்சம் டொலருக்கும் மேற்பட்ட காசு முழுக்க நன்கொடையாகப் போனது. 5 டொலர் அப்போது ஆயிரம் ரூபாவுக்கும் குறைய. அந்தக் கட்டைப் பிறந்தநாளுக்கென்று வாங்கித் தந்தவரும் அவர்தான். அதில் முக்கால்வாசி எங்களுக்குப் பிடிக்கவில்லை. 'எ ஷோர்ட் ஹைக்' என்ற ஒரு சின்னக் குருவியின் கதைக்காகவே மிச்சத்தை மன்னித்தோம்.

பிறகு 2022 மார்ச் வந்தது. அதை உங்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. 200 ரூபாவில் நின்ற டொலர் 360 வரை ஏறினது, மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல் 3ஆம் தேதி பேஸ்புக், வாட்சப் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்தியது. எங்கட சேர்வர் சிரித்துக்கொண்டிருந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் கரண்ட் இருந்த நேரம் மட்டும் சிரித்தது. ஆனால் அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. கரண்ட் வருகிற நேரம் எல்லா மடிக்கணினியையும் சார்ஜில் போட்டு, மோட்டர்சைக்கிள் பற்றரியில் ரவுட்டரை ஓட்டி, முன் விறாந்தையில் இருட்டில் 'சீரோ ஏ.டி.' விளையாடினோம். அது யாரும் கொப்பியடித்துக் குடுக்கக்கூடிய திறந்த மூல கேம். அதில் மௌரியர்கள் யானையோடு வருவார்கள். யானை எதிரியின் வாசலை இடிக்கும்போது அம்மம்மா உள்ளிருந்து "என்ன கா இடியுது" என்று கேட்பார். உண்மையான யானை வருகிற மாவட்டத்தில் அது சின்னக் கேள்வியில்லை.

இங்கே ஒரு சண்டையை எழுத வேண்டும், அது இன்னும் முடியவில்லை. பூட்டில்லாத கேமை யாருக்கும் கொப்பி பண்ணிக் குடுக்கலாம். குடுக்கலாம் என்றால், முடியும். சரியா? ஊர்ப் பொடியனுகள் யுஎஸ்பியோடு வரத் தொடங்கினார்கள். ஒருவன் இருபது பேருக்கு விட்சர் எழுதித் தரக் கேட்டான். அப்படிச் செய்தால் நாங்களும் பழைய சீடிக் கடைதானே. கொக்கின் ஒப்பந்தம் வாங்கினவனின் சொந்தப் பாவனைக்கு என்றுதான் சொல்கிறது. பூட்டுப் போடாமல் நம்பினவனின் தலையில் மிளகாய் அரைக்கிறதா என்று ஒருவன். ஒரு நாள் கூலி ரெண்டாயிரம் ரூபாவாக இருக்கிற ஊரில் பத்தாயிரம் ரூபாக் கேமை யார் வாங்குவது, புத்தகத்தை இரவல் குடுக்கிறதில்லையா என்று மற்றவன்.

கடைசியில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினோம். திறந்த மூலக் கேம்கள், சும்மா குடுக்கிற கேம்கள் யாருக்கும் எத்தனை கொப்பியும். காசு குடுத்து வாங்கினது புத்தகம் மாதிரி: ஒரு நேரம் ஒருவர். அவர் முடித்து அழித்துவிட்டுச் சொன்னால் கொப்பியில் வெட்டி, அடுத்தவருக்கு. அழித்தாரா என்று பார்க்க எங்களிடம் வழியில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. இது சட்டத்துக்குச் சரியென்று நாங்கள் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் பிழையென்றுதான் வரும். நாங்கள் எங்களுக்குப் போட்ட கோடு அது. ரெண்டு பேர் பிறகு உழைக்கத் தொடங்கி அதே கேமைக் காசுக்கு வாங்கினார்கள். நாலு பேர் அழிக்கவேயில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

கொப்பி எழுதிப் பாதுகாக்கிறது எங்கட பக்கத்துக்குப் புதிதில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகளை அண்ணாவிமார் ஏட்டிலும் பிறகு கொப்பியிலும் கையால் பெயர்த்துப் பெயர்த்துத்தான் காப்பாற்றினார்கள். ஒருவரிடம் மட்டும் இருந்த பிரதி அந்த வீட்டுக் கறையானோடு போனது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள். 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் இன்றைக்கும் ஸ்கேன் பண்ணிக்கொண்டே இருப்பது அந்த நெருப்பின் வெக்கையில்தான். இதை எழுதும்போது மண்டூர்க்காரன், "அதோட கேமை ஒப்பிடாத மச்சான், கூடாத கதை" என்றான். சரி, ஒப்பிடவில்லை. ஆனால் 2023இல் வெளிவந்த ஒரு ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 வீதத்தை இன்றைக்குக் கடையில் வாங்கவே முடியாது. அதே 2023இல் ரொறன்ரோவிலிருந்து 'வெண்பா' வந்தது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் கொப்பி, அதை வைத்து இட்டலியும் புட்டும் அவிக்கிற கேம். எங்கட மொழி திரையில் வரும் கேம்களை ஒரு கையில் எண்ணலாம். முப்பது வருசம் கழித்து அது எந்தக் கடையில் இருக்கும் என்று கேட்கிறதில் என்ன கூடாத கதை? அவனிடம் பதில் இல்லை. ஆனால் அவன் சொன்னதையும் நாங்கள் வெட்டவில்லை.

இனி பக்கத்து வளவுக்காரன். அவனுடைய அப்பாவுக்கு வெற்றிலைத் தோட்டம். களுதாவளை என்றால் வெற்றிலை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், விடிய முதல் தண்ணி, மறுகா ஆய்தல், அடுக்குதல், மற்ற நாளும் அதே. அவன் தோட்ட வேலைக்கு ஒளித்து எங்கட வீட்டுக்கு வருவான். வந்து விளையாடுறது 'ஸ்டார்டியூ வெலி'. எரிக் பரோன் என்ற ஒரே ஒரு ஆள் நாலரை வருசம் தனியே இருந்து செய்து 2016இல் விட்ட கேம், ஒரு ஜிபி அளவுதான். அதில் என்ன வேலை? காலையில் எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றுறது. ஒரு நாள் அவனைத் தேடி வந்த அப்பா பின்னுக்கு நின்று பத்து நிமிசம் பார்த்தார். "இதுக்குத் தண்ணி ஊத்த ஏலுமெண்டா..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார். அடுத்த கிழமை திரும்ப வந்து, அந்தக் கிழங்கு என்ன விலை போகும் என்று கேட்டார்.

2022 ஓகஸ்டில் அவன் கட்டாருக்குப் போனான். போகும்போது அவனுடைய பண்ணை ஐந்தாம் வருசக் கோடையில் நின்றது. மதில் கட்டி, ஆடு மாடு வைத்து, லியா என்ற ஓவியக்காரப் பிள்ளையைக் கலியாணமும் முடித்திருந்தான். "ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். தொடவில்லை. பழைய கொம்பியூட்டரை விற்கும்போது அந்த சேவ் கோப்புறையை மட்டும் எடுத்து சேர்வர் டிஸ்க்கில் வைத்தோம். அவன் பெயரும் பின்னால் ஒரு நீண்ட இலக்கமும் உள்ள கோப்புறை. சில எம்பிதான் வரும்.

2024 டிசம்பரில் டிஸ்க் செத்தது. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், நடுவில் ஒரு றோட்டு என்ற ஊரில் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்கக்கூடாது. டிக் டிக் என்று சத்தம் வந்தது, பிறகு சத்தமும் இல்லை. நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை, ஏனென்றால் மண்டூரில் ரெண்டாவது டிஸ்க் இருந்தது. ஒரே வீட்டில் ரெண்டு கொப்பி வைத்தால் அது ரெண்டில்லை, ஒன்று. 1978 சூறாவளியையும் 2004 கடலையும் பார்த்த ஊருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால் குருமண்வெளியில் பாதை ஏறி, வாவியைக் கடந்து, அவனுடைய அம்மாவின் அலுமாரியில் சாறிகளுக்கு நடுவில் ஒரு டிஸ்க். போய் எடுத்து வந்தோம். கேம்கள் எல்லாம் இருந்தன. ரெண்டு துண்டு மட்டும் கெட்டுப்போயிருந்தது, கடையிலிருந்து திரும்ப இறக்கினோம்.

சேவ்கள் இல்லை. கொப்பி எடுக்க எழுதின கட்டளை கேம் இருக்கிற கோப்புறையை மட்டும்தான் எடுத்திருக்கிறது. ரெண்டு வருசமாக ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. காசு குடுத்தால் கேம் திரும்பக் கிடைக்கும், அந்தப் பண்ணையை உலகத்தில் எந்தக் கடையும் விற்காது. நாலு பேரில் யாருடைய பிழை என்று ஒரு முழு இரவு சண்டை பிடித்துவிட்டு, மண்டூர் டிஸ்க்கை மூலை மூலையாகத் தேடினோம். 'புதிய கோப்புறை 2' என்ற ஒன்றுக்குள் அவனே 2022 ஏப்ரலில், மின்வெட்டுக்குப் பயந்து, கையால் போட்டு வைத்த ஒரு கொப்பி கிடந்தது. மூன்றாம் வருசம், மாரி காலம், 11ஆம் நாள்.

போனில் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கடைசியில் சின்னவன்தான் எடுத்தான். அந்தப் பக்கம் பஸ் சத்தம், வேலை முடிந்து போகிற நேரம். சொல்லி முடித்தபிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் இன்னும் லியாவைக் கட்டல்லயா?"

இல்லை என்றோம்.

"மாடு?"

"மாடு ரெண்டு நிக்கி. ஆடு இல்ல."

"சரி" என்றான். பிறகு, "ஒருத்தரும் தொடாதீங்க, லீவுல வரக்குள்ள நான் பாத்துக்குறன்."

இப்போது மாதா மாதம் போயாவுக்கு ஒருவர் பாதை ஏற வேண்டும் என்று கொப்பியின் பின் அட்டையில் முறை எழுதியிருக்கிறோம். சேவ் கோப்புறையைத் திறந்து பார்த்துக் கையெழுத்தும் வைக்க வேண்டும். போன போயா மழைக்குப் போகவில்லை. இந்த முறை எங்கட வீட்டு ரெண்டு பேரில் மூத்தவனுடையது, டிஸ்க்கைச் சுற்றப் பொலித்தீன் பை தேடிக்கொண்டிருக்கிறான். மண்டூர் மாமி போன முறையே சொல்லிவிட்டார், ஈரத்தோட கொண்டுவந்து சாறிக்குள்ள வைக்காதீங்க எண்டு.